கம்பனைக் கூண்டில் ஏற்றிய சேலம்

1943 மார்ச் 14. சேலம் செவ்வாய்ப்பேட்டை தேவாங்கர் பாடசாலை மண்டபம். நடுநாயகமாக சேலம் கல்லூரி முதல்வர் அ.இராமசாமிக் கவுண்டர். வாதாட வந்தவர்களில் ஒருவர் 63 வயது நாவலர் ச.சோமசுந்தர பாரதியார். எதிரே உட்கார்ந்திருந்த 33 வயதுக்காரர் சி.என்.அண்ணாதுரை. கேள்வி ஒன்றுதான்: கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்தலாமா, கூடாதா?

இன்றைக்கு இப்படி ஒரு தலைப்பைப் போட்டுக் கூட்டம் நடத்த எந்த ஊரிலாவது போலீஸ் அனுமதி கிடைக்குமா என்று யோசித்துப் பாருங்கள். அன்று நடந்தது. ஒரு மாதம் முன்னால், பிப்ரவரி 9இல், சென்னைச் சட்டக் கல்லூரி மண்டபத்திலும் நடந்திருந்தது. அங்கே அண்ணாவுக்கு எதிராகப் பேசியவர் 'சொல்லின் செல்வர்' ரா.பி.சேதுப்பிள்ளை. தலைமை தாங்கியவர் சி.எம்.இராமச்சந்திரன் செட்டியார், 'கோவைகிழார்' என்று நம் பக்கத்தில் பெயர் பெற்றவர், கொங்கு வரலாறு எழுதியவர். அவர் அப்போது வகித்த உத்தியோகம்தான் விசேஷம்: இந்து அறநிலையங்களைக் கவனிக்கும் பொறுப்பு. கோயில்களைக் காக்கும் அதிகாரி நடுவராக இருக்க, பெரியபுராணத்தைக் கொளுத்து என்று ஒருவர் பேசுகிறார். அதிகாரி கடைசி வரை கேட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டு ஊர்ப் பேச்சும் பிறகு 'தீ பரவட்டும்' என்ற பெயரில் புத்தகமாக வந்து, திராவிட இயக்கத்தார் வீடுதோறும் போய்ச் சேர்ந்தது.

காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1942 ஆகஸ்டில் தொடங்கிய 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தால் காங்கிரஸ் தலைவர்கள் சிறையில். உலகப் போர் நடக்கிறது. வெள்ளைக்காரன் எப்படியும் போய்விடுவான் என்பது கிட்டத்தட்ட எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. போன பிறகு நாம் யார்? இந்தியரா, திராவிடரா, தமிழரா, இந்துவா? இந்தக் கேள்வி கம்பன் தலையில் விடிந்தது.

ஏன் கம்பன்? நான்கு ஆண்டுகள் முன்பு, 1939இல், காரைக்குடியில் சா.கணேசன் கம்பன் கழகம் தொடங்கி ஆண்டுதோறும் விழா எடுக்க ஆரம்பித்திருந்தார். தமிழனுக்கு ஒரு தேசியக் கவி வேண்டும், அது கம்பன்தான் என்ற எண்ணம் ஊர் ஊராகப் பரவிக்கொண்டிருந்தது. அண்ணாவின் குறி அங்கேதான். கம்பனுக்குக் கவி பாடத் தெரியாது என்று அவர் சொல்லவில்லை. கவி நன்றாக இருப்பதுதான் ஆபத்து என்பது அவர் கட்சி. வடக்கேயிருந்து வந்த கதையை, தென்னாட்டவரைக் குரங்காகவும் அரக்கராகவும் காட்டும் கதையை, தேனில் குழைத்துத் தமிழன் வாயில் ஊட்டிவிட்டார் கம்பர் என்று அவர் பார்த்தார். பெரியபுராணம் பக்தியின் பெயரால் பகுத்தறிவையும் மானத்தையும் பறிக்கிறது என்பது அடுத்த குற்றச்சாட்டு.

இதற்குப் பதில் சொல்ல வந்தவர் யார் என்பதில்தான் சேலத்துக் கூட்டத்தின் ருசியே இருக்கிறது. சோமசுந்தர பாரதியார் வைதிகப் பண்டிதர் அல்ல. எட்டயபுரத்துக்காரர், சுப்பிரமணிய பாரதியின் பிள்ளைப் பருவத்துத் தோழர். வக்கீலாகத் தூத்துக்குடியில் இருந்தபோது வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்குத் துணை நின்றவர். 1933 முதல் 1938 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர். ராஜாஜி முதல் மந்திரியாகி இந்தியைக் கட்டாயப் பாடமாக்கக் கிளம்பியபோது அவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, எதிர்ப்புப் போராட்டத்தின் முன்வரிசையில் நின்றவர். அதாவது, ஐந்து ஆண்டுகள் முன்னால் இவரும் அண்ணாவும் ஒரே அணி.

இன்னும் ஒன்று. 'தசரதன் குறையும் கைகேயி நிறையும்' என்று ஒரு நூல் எழுதியவர் இவர். ஊரெல்லாம் தூற்றும் கைகேயிக்கு வக்காலத்து வாங்கி, சக்கரவர்த்தியின் மேல் குற்றம் சாட்டிய புத்தகம். ராமாயணத்தைக் குறுக்கு விசாரணை செய்வதில் அண்ணாவுக்கு மூத்த வக்கீல் அவர். விசாரணை வேறு, தூக்குத் தண்டனை வேறு என்பதே அன்று அவர் நின்ற இடம்.

எனவே அது ஆத்திகன், நாத்திகன் சண்டை அல்ல. தமிழ்தான் நம் அடையாளம் என்பதில் இருவருக்கும் இம்மியளவும் வேறுபாடு இல்லை. அந்த 'தமிழ்' என்ற பெட்டிக்குள் எதை வைப்பது, எதை வெளியே வீசுவது என்பதில்தான் தகராறு. பங்காளிச் சண்டை. பங்காளிச் சண்டைக்கு மட்டும் ஏன் இத்தனை உக்கிரம் என்று கேட்டால், கிராமத்தில் வரப்புத் தகராறு பார்த்த யாரும் பதில் சொல்வார்கள்.

இதே மாதிரியான சண்டையை இதற்கு 36 ஆண்டுகள் முன்பே நடத்திப் பார்த்த ஊர் டப்ளின். 1907 ஜனவரியில் அங்கே அபே தியேட்டரில் ஜான் சிங் எழுதிய 'மேற்கு உலகின் பிளேபாய்' என்ற நாடகம். அப்பனைக் கொன்றுவிட்டேன் என்று சொல்லி வரும் ஒருவனை ஐரிஷ் கிராமத்துப் பெண்கள் வீரனாகக் கொண்டாடுவது கதை. கத்தோலிக்க விவசாயியைக் கொச்சைப்படுத்திவிட்டான் என்று அரங்கில் ஒரே கூச்சல், கலாட்டா. போலீஸ் வந்தது. நாடகத்தைக் கண்டித்தவர்களில் ஒருவர் ஷின் ஃபெயின் இயக்கத்தைத் தொடங்கிய ஆர்தர் கிரிஃபித். நாடகத்தின் பக்கம் நின்றவர் கவிஞர் யேட்ஸ். இருவருமே இங்கிலாந்தின் பிடியிலிருந்து அயர்லாந்து விடுபட வேண்டும் என்றவர்கள். யேட்ஸும் சிங்கும் பிராட்டஸ்டன்ட் குடும்பத்தார். கூச்சல் போட்டவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். யார் அசல் ஐரிஷ்காரன் என்ற கேள்வி நாடகக் கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. யேட்ஸ் செய்த காரியம் ஒன்று கவனிக்க வேண்டியது. பிப்ரவரி முதல் வாரத்திலேயே அதே அரங்கில் பொது விவாதம் கூட்டினார். எதிரிகளை அழைத்து, மேடையேறித் திட்டுங்கள் என்றார். திட்டினார்கள்.

அயர்லாந்துக்கும் செவ்வாய்ப்பேட்டைக்கும் என்ன ஒட்டு என்று கேட்பவர்களுக்கு: 'திராவிடம்' என்பதை மொழிக் குடும்பத்தின் பெயராக நிலைநாட்டி, 1856இல் ஒப்பிலக்கணம் எழுதிய ராபர்ட் கால்டுவெல் பிறந்தது அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். தாமிரபரணிச் சீமையில் இருந்துகொண்டு அந்தப் பாதிரியார் போட்ட இலக்கணக் கோடு, தொண்ணூறு ஆண்டுகளில் சேலத்தில் ஒரு கட்சிக்குப் பெயராயிற்று. 1944 ஆகஸ்ட் 27 அன்று இங்கே கூடிய நீதிக்கட்சி மாநாட்டில், கட்சியின் பெயரைத் திராவிடர் கழகம் என்று மாற்றினார்கள். ராவ் பகதூர், சர் போன்ற வெள்ளைக்கார அரசுப் பட்டங்களைத் துறக்க வேண்டும், நியமனப் பதவிகளை விட வேண்டும் என்ற தீர்மானங்களுக்கு 'அண்ணாதுரை தீர்மானங்கள்' என்றே பெயர் நின்றது. பட்டக்காரர்களும் மிட்டாதாரர்களும் ஒதுங்க, கருப்புச் சட்டை இளைஞர்கள் உள்ளே வந்தார்கள். கம்பனை விசாரித்த ஊர் ஒன்றரை வருடத்துக்குள் கட்சியையே உருமாற்றிவிட்டது.

இந்தச் சேலம், நாமக்கல் சமவெளிக்கு ஒரு விசித்திரம் உண்டு. இந்த வழக்கின் ஒவ்வொரு தரப்புக்கும் ஓர் ஆள் கூப்பிடு தூரத்தில் பிறந்தவர், அல்லது பிழைத்தவர். ராஜாஜி சேலத்தில் வக்கீல் தொழில் பார்த்து, 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராக இருந்தவர். பக்கத்து ஈரோட்டில் அதே காலத்தில் நகராட்சித் தலைவர் ஈ.வெ.ரா. (பெரியார்). இரண்டு சேர்மன்களும் சிநேகிதர்கள். ஒருவர் பின்னாளில் கல்கியில் 'சக்கரவர்த்தித் திருமகன்' எழுதி, அதற்கு சாகித்திய அகாதெமி பரிசும் வாங்கினார். மற்றவர் 'இராமாயணப் பாத்திரங்கள்' எழுதி ராமனையும் சீதையையும் வரிக்கு வரி விளாசினார். அதன் இந்தி வடிவத்தை 1969இல் உத்தரப் பிரதேச அரசு தடை செய்ய, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1976இல் தடை செல்லாது என்று முடிந்தது. நட்பு மட்டும் இருவருக்கும் கடைசி வரை அறுபடவில்லை. 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது, சக்கர நாற்காலியில் வந்து அழுத பெரியாரை அன்றைய பத்திரிகைகள் படம் பிடித்தன.

இந்த இருவருக்கும் நடுவில் நின்றவர் ராசிபுரத்துக்காரர், டாக்டர் பி.வரதராஜுலு நாயுடு. 1925இல் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்ட விவகாரத்தைக் கிளப்பி, காங்கிரஸையே உலுக்கியவர். ஈ.வெ.ரா. காங்கிரஸை விட்டு வெளியேறிய கதையில் அந்தப் பந்திக்குப் பெரிய பங்கு உண்டு. அதே நாயுடு பின்னாளில் இந்து மகாசபைக்குப் போனார். கொள்கை மாறினார் என்று சிலர் ஏசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பந்தியில் சமத்துவம் கேட்டவர் அதை ஒரு பெரிய இந்து சமுதாயத்துக்குள் கிடைக்கும் என்று நம்பினார், ஈ.வெ.ரா. கிடைக்காது என்று முடிவு கட்டினார். ஒரே பந்தி, இரண்டு கணக்கு.

நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையோ மூன்றாவது கணக்கு. மோகனூரில் பிறந்தவர். தமிழன் தனி இனம், தனிக் குணம் என்பதை அவரைப்போல் முழங்கிய கழகக் கவிஞர்கள்கூடக் குறைவு. அவரோ கதர், காந்தி, 1930 உப்பு யாத்திரைக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவர். கம்பனை வால்மீகியோடு நிறுத்திப் பார்த்துப் புத்தகம் எழுதிய பக்தர். தமிழன், இந்தியன், ராம பக்தன் மூன்றும் அவருக்கு ஒரே சட்டைப்பைக்குள் அடங்கின. 1949இல் சென்னை மாகாண அரசவைக் கவிஞரானார். பிற்காலத்தில் அவர் வரிகளை மேடையில் எடுத்துப் பேசியவர்களில் பலர், அவர் எந்தக் கட்சி என்பதை நினைவு வைத்துக்கொள்ளவில்லை.

1943 விவாதத்தில் யார் ஜெயித்தார்கள்? பேச்சில் அண்ணா ஜெயித்தார் என்று கழகத்தார் சொல்வார்கள். தமிழறிஞர்கள் தலையாட்ட மாட்டார்கள். நான் இன்னொரு தேதியைக் காட்டுவேன். 1968 ஜனவரி. சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு. முதலமைச்சர் அண்ணா. கடற்கரையில் வரிசையாகச் சிலைகள் எழுகின்றன: வள்ளுவர், ஔவையார், பாரதியார், கால்டுவெல். அந்த வரிசையில் கம்பரும் இருக்கிறார். கொளுத்தச் சொன்னவர் ஆட்சியில் கம்பனுக்குக் கடற்கரையில் சிலை. அண்ணா தோற்றார் என்று இதைச் சொல்ல மாட்டேன். எதிர்க்கட்சியாக இருக்கும்போது பெட்டியிலிருந்து எதை வெளியே போடுவது என்று பேசலாம், நாட்டை ஆளும்போது பெட்டியைப் பெரிதாக்கத்தான் வேண்டியிருக்கிறது. சோமசுந்தர பாரதியார் அதைப் பார்க்க இல்லை. 1959லேயே மறைந்துவிட்டார்.

சிலை எழுந்து மூன்று வருடம் கழித்து, அதே சேலத்தில், அதே ராமன். 1971 ஜனவரி 23, 24 தேதிகளில் திராவிடர் கழகத்தின் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு. பெரியாருக்கு 91 வயது. ஊர்வலத்தில் ராமன் படம் செருப்பால் அடிபட்டது. கருப்புக் கொடி காட்ட வந்த ஜனசங்கத்தார் பெரியார் வண்டியை நோக்கி முதலில் செருப்பு வீசினார்கள், அந்தச் செருப்புத்தான் திரும்பியது என்பது கழகத் தரப்பு. தெய்வப் படங்களை ஆபாசமாக எடுத்து வந்ததே தொடக்கம் என்பது எதிர்த் தரப்பு. சோவின் துக்ளக் இதை வெளியிட, இதழைப் பறிமுதல் செய்தார்கள். மார்ச்சில் தேர்தல். காமராஜரும் ராஜாஜியும் ஒரே அணியில் கைகோத்த தேர்தல் அது. ராமனைச் செருப்பால் அடித்தவர்களுக்கா ஓட்டு என்று ஊரெங்கும் சுவரொட்டி. தி.மு.க. 234இல் 184 இடம் பிடித்தது. 49 ஆண்டுகள் கழித்து, 2020 ஜனவரியில், துக்ளக் பொன்விழாவில் ரஜினிகாந்த் இந்த ஊர்வலத்தைப் பற்றி இரண்டு வாக்கியம் பேச, மறுபடி போலீஸ் புகார், கோர்ட்டு மனு. படத்தில் உடை இருந்ததா, மாலை இருந்ததா, யார் முதலில் எறிந்தார்கள்? அரை நூற்றாண்டுக்குப் பிறகும் இதே கேள்விகள்தான்.

1943 பேச்சில் என்ன வாதிட்டார்கள் என்று புத்தகத்தைத் திறந்து படித்துவிடலாம். 1971இல் என்ன வாதிட்டார்கள் என்று கேட்டால் செருப்பைத் தவிர எதுவும் ஞாபகத்துக்கு வருவதில்லை. இரண்டு நாள் மாநாட்டில் நிறையத்தான் பேசியிருப்பார்கள். தெருவுக்கு நடுவர் கிடையாது, மணி அடிப்பவர் கிடையாது, எதிராளிக்கு முறை வரும் என்ற உத்தரவாதமும் கிடையாது. சேலத்துக்குத் தெருவின் குணம் முன்பே தெரியும்: 1882இல் ஊர்வலப் பாதையும் மசூதியும் பற்றிய தகராறு கலவரமாக வெடித்து, அதைத் தூண்டியதாக சி.விஜயராகவாச்சாரியார் மேல் வழக்கு போட்டு, பத்தாண்டுத் தண்டனையும் விதித்து, உயர் நீதிமன்றம் அவரை விடுவித்த வரலாறு உண்டு. 'தென்னிந்தியாவின் சிங்கம்' என்று அவரைக் கொண்டாடியது அதற்குப் பிறகுதான்.

இப்போது இந்த மாதிரி வழக்குகள் போய்ச் சேருமிடம் நீதிமன்றம். சேலத்தில் தலைவெட்டி முனியப்பன் கோயில் என்று ஒன்று. வழக்கு ஆவணத்தில் பெரியேரி கிராமம், கோட்டை ரோடு என்று இருக்கும். உள்ளே இருப்பது முனியப்பன் அல்ல, புத்தர் என்று 2011இல் ஓர் அறக்கட்டளை சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் தொல்லியல் துறையைப் பார்த்துச் சொல்லச் சொன்னது. துறையினர் சிலை மேல் பூசியிருந்ததை அகற்றிப் பார்த்தார்கள். தாமரைப் பீடத்தில் அர்த்த பத்மாசனம், மடியில் தியான முத்திரையில் கை, நீண்ட காது, உச்சியில் முடிச்சு. தலை எப்போதோ உடலிலிருந்து துண்டாகி, பிறகு சிமென்டும் சுண்ணாம்பும் வைத்துச் சரியாகப் பொருந்தாமல் ஒட்டப்பட்டிருக்கிறது. புத்தர்தான் என்று அறிக்கை. 2022 ஜூலையில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார்: இந்து அறநிலையத் துறை இனி இதைக் கோயிலாக வைத்திருப்பது சரியல்ல, தொல்லியல் துறை எடுத்துக்கொள்ள வேண்டும், இது புத்தர் சிலை என்று பலகை வைக்க வேண்டும், மக்கள் வந்து பார்க்கலாம், பூஜை, சடங்கு கூடாது.

ஆத்தூர்ப் பக்கம் தியாகனூரில் பெரிய புத்தர் சிலைகள் இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த அறிக்கை ஆச்சரியம் தராது. இந்த மண்ணில் பௌத்தம் இருந்தது. அயோத்திதாசர் 1898இலேயே சாக்கிய பௌத்த சங்கம் கண்டு, ஒடுக்கப்பட்ட தமிழர்களின் பூர்வ சமயம் பௌத்தம் என்று எழுதினார். கிராம தெய்வங்கள் பலவற்றுக்குப் பின்னால் புத்தர் இருக்கிறார் என்றார். அவர் எழுத்து ஒரு நூற்றாண்டு கழித்து நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன மாதிரி இருக்கிறது.

சிலை யாருடையது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தொல்லியல் துறை சரியாகவே சொன்னது. எனக்கு உறுத்துவது பூஜை கூடாது என்ற வரி. தலை போன ஒரு கல்லை யாரோ எடுத்து ஒட்டவைத்தார்கள். அதற்கு முனியப்பன் என்று பேர் வைத்துத் தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்டார்கள். இந்தப் பக்கத்தில் முனியப்பன் யார் என்பது வெண்ணங்குடி முனியப்பன் கோயில் வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்று பார்த்தால் தெரியும்: கோர்ட்டுக்குப் போக வழியில்லாதவனின் கோர்ட்டு. உடைத்தவர்கள் யார் என்று தெரியாது, காப்பாற்றியவர்கள் இவர்கள்தான். வழக்கில் அறக்கட்டளை பேசியது, துறை பேசியது, கல் பேசியது. கும்பிட்டவர்கள் சார்பில் பேசியதும் ஓர் அரசுத் துறைதான். வரலாற்றைத் திருத்தி எழுதும்போது, தப்பாகக் கும்பிட்டாலும் கைவிடாமல் கும்பிட்டவர்களை அதிலிருந்து அடித்துவிடலாமா? சோமசுந்தர பாரதியார் இருந்தால் இந்த வழக்கை எடுத்திருப்பார் என்று எனக்கு ஓர் ஆசை. அண்ணாவும் எதிர்த்தரப்பில் நின்றிருப்பாரா என்பது அவ்வளவு நிச்சயமில்லை. 'ஒன்றே குலம் ஒருவனே தேவன்' என்ற திருமூலர் வழிக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்தவர் அவர்.

நீதிமன்றம் வைக்கச் சொன்ன பலகையில் இது புத்தர் என்று எழுதியாக வேண்டும். அதற்குக் கீழே, இவ்வளவு காலம் இவரை முனியப்பன் என்று வணங்கிய மக்கள் இந்தச் சிலையைக் காத்து வந்தார்கள் என்று இன்னொரு வரியும் எழுதலாம். தீர்ப்பில் அதற்குத் தடை ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை.